பதினான்கு பேர் தேவைப்படும் ஆட்டம்

எங்கள் விளையாட்டுக் கழகத்தை இரண்டாக உடைத்தவை புறாக்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. பனிமழை கொட்டி மொன்றியல் நகரமே இருளில் கிடந்ததே, 1998ஆம் ஆண்டு மாரி, அதற்கு அடுத்த கோடையில் நடந்தது. கரப்பந்தாட்ட இறுதிப் போட்டிக்குக் கோடு போடச் சுண்ணாம்பு கொண்டுவர மறந்துவிட்டார்கள். யாரோ வீட்டுக்கு ஓடிப்போய், புட்டுக்கு வறுத்து வைத்திருந்த அரிசிமாவைக் கொண்டுவந்து கோடு இழுத்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பூங்காப் புறாக்கள் இறங்கி ஒரு மூலைக் கோட்டை வழித்துத் தின்றுவிட்டன. இடைவேளை முடிந்ததும் பந்து சரியாக அந்த மூலையில் போய் விழுந்தது. கோட்டருகே நின்ற கணேசலிங்கம் அண்ணை வெளியே என்றார். எதிரணித் தலைவர் அருமைநாதன் அண்ணை உள்ளே என்றார். இல்லாத கோட்டுக்காக இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றோடு ஒரே ஊர்க்காரர், ஒரே கோயிலில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டவர்கள், இரண்டு கழகமானார்கள். ஒன்று ஒளிச்சுடர் விளையாட்டுக் கழகம். மற்றது ஐக்கிய ஒளிச்சுடர் விளையாட்டுக் கழகம். பிரிந்து போன அருமைநாதன் அண்ணை பக்கத்தார்தான் ஐக்கியத்தைக் கொண்டுபோனார்கள். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு பக்கத்தாரும் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள், பிறந்தவளல்ல. அதனால் கழகத்தில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை, வேலை மட்டும் உண்டு. இலங்கையில் தமிழிலும் இங்கே பிரெஞ்சிலும் படித்தவள் என்பதால் நகரசபையிடம் பூங்காவுக்கு அனுமதி எடுப்பது, காவலாளி வந்தால் சிரித்துக்கொண்டு கதைப்பது, சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் யாரும் குறைக்காதபோது மன்னிப்புக் கேட்பது எல்லாம் என் தலையில். நகரசபையின் கடித உறையை நான் இரண்டு நாள் உடைக்காமல் வைத்திருப்பேன். இது தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் என்னிடம்தான் தருவார்கள்.

சிவநேசம் அக்கா கணேசலிங்கம் அண்ணையின் மனைவி. வயது ஐம்பத்தேழு. நெடுத்த உருவம். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மருந்துப் பெட்டிகள் அடுக்குகிறார். மேல் தட்டுக்கு ஏணி வைக்காமல் பெட்டி எறிந்து அடுக்குவதாக மேற்பார்வையாளர் இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணியில் வளையத்துக்குள் பந்து போடும் கோல் சூட்டர் அவர். அந்த விளையாட்டை இங்கே யாருக்கும் தெரியாது. கியூபெக்கில் பிறந்த எங்கள் பெண் பிள்ளைகள் உதைபந்து ஆடுவார்கள், கூடைப்பந்து ஆடுவார்கள். பலகை இல்லாத வளையத்துக்குள், பந்தைத் தட்டாமல், காலை நகர்த்தாமல் எறியச் சொன்னால் இது என்ன தண்டனை என்று கேட்பார்கள்.

அக்கா இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அத்தனை வருடமும் கழகத்தின் வருடாந்த விளையாட்டுப் போட்டியில் அவருடைய வேலை ஆடிக் களைத்தவர்களுக்குத் தோடம்பழம் வெட்டுவதும், முடிவுக் கோட்டில் நாடா பிடிப்பதும். ஆண்களுக்குக் கரப்பந்து, உதைபந்து, கயிறு இழுத்தல். குடும்பப் பெண்களுக்குச் சங்கீதக் கதிரையும் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டமும். வென்ற ஆணுக்கு இடுப்பளவு உயரக் கிண்ணம். வென்ற பெண்ணுக்குக் குசினிச் சாமான்.

போன வருடம் சங்கீதக் கதிரையில் அக்கா வென்றார். கடைசிக் கதிரைக்குப் போட்டியிட்ட பெண்ணை இடுப்பால் ஒரு தட்டுத் தட்டிப் புல்லில் இருத்திவிட்டு வென்றார். தலைவர் கணேசலிங்கம் அண்ணை மேடையில் நின்று பரிசைக் கொடுத்தார். இடியப்ப உரல்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது.

"வீட்டில ரெண்டு கிடக்கு," என்றார். "ரெண்டும் நீங்கள் வாங்கித் தந்ததுதான். மூண்டாவதில நீங்கள் பிழிஞ்சு சாப்பிடுங்கோ."

சனம் சிரித்தது. அண்ணையும் சிரித்தார், பல் மட்டும்.

"அடுத்த வருசம் வலைப்பந்து வைக்கவேணும்," என்றார் அக்கா, அதே ஒலிவாங்கியில்.

இந்த வருடம் சித்திரையில் நிர்வாகக் கூட்டம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடி. ஆண்கள் சோபாவில். நான் அனுமதி விபரம் சொல்வதற்காக ஓரத்தில். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தவர் தட்டத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"வலைப்பந்து என்ன மாதிரி?"

"இஞ்சாரும், அது பேந்து கதைப்பம்," என்றார் அண்ணை.

"இப்ப கதைப்பம். கூட்டம் இப்பதானே நடக்குது."

"ஐம்பத்தேழு வயசில நீர் துள்ளி முழங்கால் பிரண்டால் ஆர் தூக்கிறது?"

"நீங்கள் வொலிபோல் அடிச்சுத் தோள் களண்டு கிடக்கேக்க ஆர் தைலம் பூசினது? அவையே வந்து பூசினவை?" சோபாவைக் காட்டினார். சோபாவில் இருந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்தார்கள்.

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் அவர் கணக்கு வாத்தியாரின் மகன். விரல் மடித்தார்.

"சரி. ஒரு பக்கம் ஏழு பேர். மற்றப் பக்கம் ஏழு. பதினாலு பேரைக் கொண்டு வாரும். நிகழ்ச்சி நிரலில போடுறன். எல்லாரும் சாட்சி."

அவருக்குத் தெரியும். எங்கள் கழகத்தில் வலைப்பந்து தெரிந்த, முழங்கால் உள்ள, புருஷன் விடக்கூடிய பெண்கள் எத்தனை பேர் என்று அவர் ஏற்கெனவே எண்ணியிருந்தார். ஏழு. அந்த ஏழு பேரும் சேர்ந்து யாரை எதிர்த்து ஆடுவது?

மிச்ச ஏழு பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வாசலுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் கால் வைப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "துஷா, காரை எடு. கர்க்லாண்டுக்குப் போகவேணும்."

"அங்கை ஆரக்கா?"

"அருமைநாதன்ர பெண்சாதி."

"அக்கா, அண்ணைக்குத் தெரிஞ்சால்..."

"தெரியத்தான் போகுது. நீ ஓட்டு."

அருமைநாதன் அண்ணையின் மனைவி புஷ்பராணி அக்காவும் சிவநேசம் அக்காவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே அணி. ஒருவர் எறிவார், மற்றவர் மறிப்பார். கழகம் உடைந்ததிலிருந்து கதைபேச்சு இல்லை. கடையில் ஒரே மரவள்ளிக் கிழங்குப் பெட்டிக்குள் இரண்டு பேரும் கைவிட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் காணாமல் நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. வாசல் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கட்டையான, இறுகிய உடம்பு.

"ஓ. தலைவற்ற மனிசி. என்ன, மன்னிப்புக் கேக்க அனுப்பினவரோ?"

"அவர் அனுப்பி நான் எங்கையும் போறேல்லை."

"அப்ப?"

"வலைப்பந்து. ஆடி மாசம். எனக்கு எதிரா ஒரு டீம் வேணும்."

புஷ்பராணி அக்கா என்னைப் பார்த்தார். "இது ஆர், வக்கீலோ?"

"இது துஷாந்தினி. வேற ஊர். விசில் ஊதப்போறவள்."

அது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"உங்கட கழகத்துக் கிறவுண்டில வந்து நாங்கள் நிக்கிறதோ? அண்டைக்கு அந்தப் பந்து உள்ளதான் விழுந்தது. அதை ஒத்துக்கொள், வாறன்."

"நான் அண்டைக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு நிண்டனான். பந்தை ஆர் கண்டது?"

"காணாமத்தானே இவ்வளவு காலமும் கதைக்காமல் திரிஞ்சனி?"

"நீயும்தான் திரிஞ்சனி."

பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நான் 'போன்ஜூர்' என்று சிரித்தேன்.

"இப்பவும் எறியேக்க வலக் காலைத் தூக்கிறனியோ?" என்றார் புஷ்பராணி அக்கா.

"நான் ஒருநாளும் தூக்கினதில்லை."

"மாஸ்டர் கத்திக் கத்தித் தொண்டை கட்டினது பின்ன ஆருக்கு?" அவர் நிலையிலிருந்து தோளை எடுத்தார். "சரி, வாறன். உன்னோட கூடுறதுக்கெண்டு நினையாத. உன்ர கையிலயிருந்து ஒரு பந்தும் வளையத்துக்குள்ள போகவிடாமல் பண்ணத்தான் வாறன். அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். அவர் கத்தினாலும் கத்தட்டும்."

கதவு சாத்தப்பட்டது. எங்களுக்குத் தண்ணீர் கூடத் தரவில்லை. திரும்பி வரும்போது அக்கா நெடுஞ்சாலை முழுவதும் தன் வலக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பூங்காவை நெருங்கும்போது, "நான் தூக்கிறதில்லை," என்றார்.

கணேசலிங்கம் அண்ணை செய்தி கேட்டு மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். அக்கா அதை இல்லையென்றார். சாப்பிட்டார், கதைக்கத்தான் இல்லை. ஆனால் சாட்சிகள் வைத்துச் சொன்ன சொல்லை விழுங்க முடியாது. அதனால் அவர் எங்கள் சனத்துக்கே உரிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார். வலைப்பந்தை நிகழ்ச்சி நிரலில் போட்டார், பிரதம விருந்தினர் உரைக்குப் பிறகு.

எங்கள் போட்டிகளில் பிரதம விருந்தினர் உரை என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முதலில் மங்கள விளக்கு. காற்றில் அணையும், மறுபடி ஏற்றுவார்கள். பிறகு பொன்னாடை. பிறகு கௌரவ விருந்தினர், சிறப்பு விருந்தினர், இருவரையும் அறிமுகம் செய்பவர், அறிமுகம் செய்பவரை அழைப்பவர். இந்த வருடப் பிரதம விருந்தினர் ராஜசேகரன், சென்னைக்காரர், இங்கே ஒரு கணினி நிறுவனம் நடத்துகிறார். நல்ல மனிதர்தான். ஒலிவாங்கியைக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார் என்று அண்ணைக்குத் தெரியும். எங்களுக்குப் பூங்கா ஆறு மணி வரைதான். அதன்பிறகு வேறு ஒரு குழுவுக்கு அனுமதி. அதை அண்ணைக்கு எழுதிக் கொடுத்தவளே நான்.

போட்டியன்று வெயில் நெருப்பு. அக்கா தோட்டக் குடை நிறுத்தும் கனமான அடிக்கட்டைகள் இரண்டில் குழாய் செருகி, உச்சியில் வளையம் பூட்டி, கம்பங்களைத் தானே செய்திருந்தார். கரப்பந்துக் கம்பங்களைத் தர ஆண்கள் மறுத்துவிட்டார்கள். ஐக்கியப் பெண்கள் ஏழு பேரும் நாலு மணிக்கே வந்து மரத்தடியில் நின்றார்கள். எங்கள் சனம் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது, நாய் கட்டியிருக்கிற வீட்டைச் சுற்றி நடப்பது போல. ஒருவரும் தோடம்பழம் கொடுக்கவில்லை. அவர்கள் தங்களுடையதைக் கொண்டுவந்திருந்தார்கள், இன்னும் பெரிய தோடம்பழம்.

ஐந்தேகாலுக்கு ராஜசேகரன் தொடங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் சென்னைல காலேஜ் படிக்கும்போது ஸ்போர்ட்ஸ்னா எனக்கு உயிரு..."

ஐந்தரைக்கு அவர் இன்னும் கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் இருந்தார். நான் முன்வரிசையில் விசிலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இருந்தேன். கணேசலிங்கம் அண்ணை மேடையில் கைகட்டி, தலையாட்டி, மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டு நான் கண்டதில்லை.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். நெஞ்சிலும் முதுகிலும், ஆடும் இடத்தைக் காட்டும் ஆங்கில எழுத்துத் தைத்த மேலங்கி. கையில் பந்து.

"எழும்பு."

"அக்கா, உரை முடியட்டும்."

"முடியாது. அதுக்குத்தானே கூட்டிவந்தவர். எழும்பு."

எழும்பினேன். அக்காவின் பின்னால் நடந்தேன். பதினான்கு பெண்களும் இடத்தில் போய் நின்றார்கள். நடுவட்டத்தில் எங்கள் பக்கத்துப் பெண் பந்தை வாங்கினாள்.

"ஊது, துஷா."

நான் மேடையைப் பார்த்தேன்.

"அங்க என்ன பாக்கிறாய்? ஊதடி!"

ஊதினேன். ராஜசேகரன், "அப்போ எங்க ப்ரின்சிபால் என்ன சொன்னார்னா" என்ற இடத்தில் நின்றுபோனார். என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சனம் தலையைத் திருப்பியது. பிறகு கதிரையையே தூக்கித் திருப்பிப் போட்டது. மேடைக்கு முதுகு.

கணேசலிங்கம் அண்ணை மேடையிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் பொன்னாடை ஒன்று அவர் காலில் சுற்றியது. நேரே நடுவட்டத்துக்குள் வந்து நின்றார்.

"இது எங்கட கழகத்து மைதானம். விருந்தாளி கதைச்சுக்கொண்டிருக்கிறார். ஒருத்தரும் விளையாடேலாது."

"தள்ளுங்கோ," என்றார் அக்கா.

"தள்ளமாட்டன்."

புஷ்பராணி அக்கா தன் வளையத்தடியிலிருந்து உரத்துக் கேட்டார். "நேசம், உன்ர மனிசன் எந்தப் பொசிஷன்?"

சனம் வெடித்துச் சிரித்தது.

"அவருக்கும் ஒரு பெனியன் குடுங்கோவன்," என்றது இன்னொரு ஐக்கியக் குரல். "ஆனால் எங்கட பக்கம் வேண்டாம். அவருக்குக் கோடு தெரியாது."

அண்ணையின் காது சிவந்தது. அசையவில்லை. அக்கா நடுவட்டத்துப் பெண்ணிடம் தலையால் சாடை காட்டினார். அவள் பந்தை அண்ணையின் தலைக்கு மேலால் எறிந்தாள். ஆட்டம் தொடங்கிவிட்டது. அவரைச் சுற்றி ஆடினார்கள். தோடம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் சுமந்தே நான் பார்த்த பெண்கள், அவரை ஒரு மரம் போல விலத்தி விலத்தி ஓடினார்கள். ஒருமுறை அவர் கையை நீட்டி ஒரு பந்தைத் தட்டிவிட்டார்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததென்று தெரியாது. விசிலை ஊதினேன். "தடுப்பு!" என்று கத்தினேன். கையை நீட்டி அவரையே காட்டினேன். சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறதோ என்னவோ.

அவர் அக்காவைப் பார்த்தார். இத்தனை வருடமும் வீட்டிலும் வெளியிலும் 'நீர்' என்று சொன்னவர். "இண்டையோட நீ கழகத்தில இல்லை," என்றார். "நீயும் இல்லை, உன்னோட நிக்கிறவளுகளும் இல்லை. இனிமேல் பாப்பம் எந்த மைதானத்தில துள்ளுறாய் எண்டு."

அக்கா மேலங்கியின் கரையை இழுத்துச் சரிசெய்தார். "சரி. இப்ப வெளியில போங்கோ. நேரம் போகுது."

அவர் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நட்பான ஆட்டம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பழைய அணிக்காரிகள் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்து முன்னுக்கு வந்த சிலர் பின்வாங்கினார்கள். முழங்கை போனது. மூக்குக்கண்ணாடி ஒன்று போனது. புஷ்பராணி அக்கா சொன்னதைச் செய்தார். சிவநேசம் அக்காவின் முகத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து, அவர் எறிய எறிய மறித்தார். மறிக்கும்போது வாயும் சும்மா இருக்கவில்லை.

"எறி, எறி. களஞ்சியத்துப் பெட்டியெண்டு நினைச்சு எறி."

"உன்ர வாயை மூடினால் வளையம் தெரியும்."

ராஜசேகரன் பொன்னாடையோடு கோட்டோரம் வந்து நின்றார். "ஏங்க, போர்டே இல்லையே, எதுல பட்டு உள்ள போகும்?" என்று என்னைக் கேட்டார். நான் பந்தின் பின்னால் ஓடினேன். அவர் அதன்பிறகு யாருக்கென்று தெரியாமல் கைதட்டிக்கொண்டே நின்றார்.

ஆறு மணிக்குச் சற்று முன் அடுத்த குழு வந்துவிட்டது. வெள்ளைக்கார இளைஞர்கள், கையில் எறிந்து விளையாடும் பிளாஸ்டிக் தட்டு. கடிகாரத்தைக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் சமன். நான் அவர்களிடம் பிரெஞ்சில் ஒரு நிமிடம் கெஞ்சினேன். நான் திரும்பவும் பந்து சிவநேசம் அக்காவின் கைக்கு வரவும் சரியாக இருந்தது. புஷ்பராணி அக்கா ஒரு கணம் பிந்திவிட்டார். அக்கா உயர்ந்தார், எறிந்தார், பந்து வளையத்தின் உள்ளே அரவமில்லாமல் இறங்கியது.

நான் விசில் ஊதினேன், கோலுக்கு அல்ல.

"என்ன ஊதினனி?" என்றார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. இன்னும் விளங்கவில்லை.

"கால், அக்கா. வலக் கால். தூக்கின காலைத் திருப்பித் தரையில வைச்சிட்டு எறிஞ்சனீங்கள்."

சிரிப்பு போன விதத்தை நான் விபரிக்க விரும்பவில்லை. புஷ்பராணி அக்கா மட்டும் பேசினார். "நான் அண்டைக்கே சொன்னனான்." பந்தை எடுத்தார், நடுவுக்கு எறிந்தார், அது கைமாறிப் போய் மறுமுனையில் அவர்களுடைய பெண் போட்டாள். முடிந்தது. ஒரு கோலால் ஐக்கியம் வென்றது. அவர்களுக்கும் கைதட்ட ஆளில்லை. தன் கழகப் பெண்கள் எதிரி மைதானத்தில் ஆடியதற்காக அருமைநாதன் அண்ணை அவர்களையும் நீக்கிவிட்டார் என்று கைபேசியில் செய்தி வந்திருந்தது. வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே மாதிரிக் கழகமில்லாமல் புல்லில் குந்தித் தோடம்பழம் தின்றார்கள். எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

கணேசலிங்கம் அண்ணை காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவரும் அவர் பின்னாலேயே போய்விட்டார், எங்கள் காரில். எனக்கு வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று நினைக்கவே முடியவில்லை. நானும் சிவநேசம் அக்காவும் 105 பஸ்ஸில் ஏறினோம். அவர் மேலங்கியைக் கழற்றவில்லை. சனம் பார்த்தது.

"நீ வேற ஊர். ஞாயமா ஊதுவாய் எண்டு வைச்சன்," என்றார்.

"ஞாயமாத்தான் ஊதினனான், அக்கா."

"இஞ்ச பார்." எழும்பினார். என் கைப்பையை எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸின் நடுவில் இடக் காலில் நின்றார். "வலக் காலில இறங்கினன், பிறகு அதை இப்பிடித் தூக்கினன். இது நிலத்தில. இது மேல. பந்து போன பிறகுதான் இது கீழ வந்தது. எங்கை பிழை?"

பஸ் ஒரு திருப்பத்தில் குலுங்கியது. வலக் கால் தொம்மென்று கீழே வந்தது. கைப்பை இன்னும் கையில்தான் இருந்தது.

இருவரும் அந்தக் காலைப் பார்த்தோம்.

சாரதி கண்ணாடியில் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"சீற்றில இருக்கட்டாம், அக்கா. விழுந்திடுவியளாம்."

அவர் இருந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு தரிப்பு தாண்டியது.

"வாற ஞாயிறு அந்தப் பூங்காவில இடமிருக்கோ?"

"கழகத்தின்ர பெயரில எடுக்கேலாது. இனி எந்தக் கழகத்தின்ர பெயரிலயும் எடுக்கேலாது."

"உன்ர பெயரில எடு."

நான் விரல் மடித்தேன். கடித உறை, கையொப்பம், பொறுப்பு, பதினான்கு பெண்கள், இரண்டு தலைவர்கள்.

"புஷ்பராணி அக்கா வருவாவோ?"

"வராமல்? நான் ஒருக்காத் தோத்திட்டன். ரெண்டாந்தரமும் தோக்கடிக்காமல் அவளுக்கு நித்திரை வராது." யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளுக்கு ஃபோன் எடுத்து நேரத்தைச் சொல்லு. நான் கதைக்கமாட்டன்."